வகுப்பில் உரக்க வாசிக்கும் சாகச நாவல் எடுபடவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

குழந்தைகளுக்கான மாயாஜால சாகச நாவல் ஒன்றை நாளுக்குக் கொஞ்சமாக வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். குடியாத்தம் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு வாசித்தபோது நேர்ந்த தடுமாற்றங்களையும், அவற்றை நான் சரிசெய்த விதத்தையும், சரிசெய்ய முடியாமல் விட்டவற்றையும் அறிகுறி வாரியாகத் தந்திருக்கிறேன். எந்த அறிகுறி தென்பட்டாலும் குழந்தைகளின் கவனக்குறைவை முதலில் சந்தேகிக்க வேண்டாம். பழுது பெரும்பாலும் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர் பக்கம்தான் இருக்கும்.

தொடங்கும் முன் இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, நூலை முழுவதுமாகத் தனியே வாசித்து முடிப்பது. அரைகுறையாக வாசித்துவிட்டு வகுப்பில் திறப்பதால்தான் கீழே வரும் பழுதுகளில் பல உண்டாகின்றன. இரண்டாவது, நாள் கணக்கு. கடிகாரம் வைத்துப் பார்த்ததில் என் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சொற்கள். தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள்வதால் அதற்குமேல் விரைந்தால் கடைசி வரிசைக்கு எட்டுவதில்லை. 30,000 சொற்கள் கொண்ட நாவலுக்கு 333 நிமிடம் ஆகும். நாளுக்கு 15 நிமிடம் வாசித்தால் 23 வேலை நாள்கள். விடுப்பு, பயிற்சிக் கூட்டம், மழை ஆகியவற்றைச் சேர்த்தால் முப்பத்தைந்து நாள்களுக்குக் குறையாது. ஜூன் கடைசியில் தொடங்கினால்தான் காலாண்டுத் தேர்வின் பரபரப்புக்கு முன்பாகக் கதை கரை சேரும்.

அறிகுறி: முதல் பத்து நிமிடத்திலேயே கண்கள் சன்னல் பக்கம் போகின்றன

முதலில் கதைக்கு வெளியே இருக்கும் காரணங்களைப் பார்க்க வேண்டும். வேலூர் வெயிலில், சத்துணவு முடிந்த கையோடு, சூடேறிய கூரையின் கீழ் யார் வாசித்தாலும் பாதி வகுப்பு கண் அயரும். அதற்கு நாவலைக் குறை சொல்வதில் பயனில்லை. நேரத்தை மாற்றிப் பாருங்கள். கடைசி பீரியடின் இறுதிப் பதினைந்து நிமிடம் எனக்கு ஒத்துவந்தது. ஆனால் புத்தகப் பைகளை முன்னதாகவே கட்டி வைக்கச் சொல்லிவிட வேண்டும், இல்லையேல் மணியடிக்கும் எதிர்பார்ப்பில் ஜிப் இழுக்கும் ஓசை கதையைத் தின்றுவிடும். அடுத்தது மின்விசிறி. நன்றாகப் படிக்கும் மாணவர் ஒருவரை உங்கள் இடத்தில் நின்று ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். விசிறி ஓசைக்கு நடுவே எத்தனை சொற்கள் வந்து சேருகின்றன என்பது அப்போது தெரியும். நான் அந்தச் சோதனைக்குப் பிறகு கரும்பலகை அருகில் நிற்பதை விட்டுவிட்டு, வகுப்பின் பக்கவாட்டுச் சுவரோரம், நடு வரிசைக்கு நேராக நிற்கத் தொடங்கினேன்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கண்கள் அலைந்தால், காரணம் நூலின் தொடக்கம். இவ்வகை நாவல்களில் மாய உலகத்தின் கதவு திறப்பதற்கு முன் வீடு, ஊர், உறவினர், வானிலை என்று ஓர் அத்தியாயமோ இரண்டோ கழியும். அதை நாள்களுக்குப் பங்கிட்டால் முதல் வாரம் முழுவதும் ஒன்றும் நடக்காத கதையாகத் தோன்றும். ஆகவே முதல் நாள் மட்டும் ஒரு முழு பீரியடை ஒதுக்கி, கதவு திறக்கும் இடம் வரை வாசித்துவிடுங்கள். ஆசிரியர் குறிப்பு, பதிப்புரை, நூல் பெற்ற பரிசுகள் ஆகியவற்றைச் சொல்லித் தொடங்குவதும் வேண்டாம். அவை பத்தாம் நாளுக்குப் பிறகு, யாராவது கேட்டால் சொல்வதற்கு உரியவை.

அறிகுறி: யார் பேசுகிறார் என்று தெரியாமல் விழிக்கிறார்கள்

அச்சிட்ட பக்கத்தைக் கண்ணால் படிக்கும்போது இந்தப் பழுது தெரியாது. தமிழில் பேச்சு முதலில் வரும். ‘என்றாள் அந்தச் சிறுமி’ என்பது கடைசியில் வரும். கண் ஒரு நொடியில் வரியின் முடிவைத் தொட்டுவிட்டுத் திரும்பும். காதுக்கு அந்த வசதி இல்லை. நான்கு வரி நீளமுள்ள பேச்சைக் கேட்டு முடித்த பிறகுதான் அது கிழவர் பேசியதன்று, சிறுமி பேசியது என்று குழந்தைக்குத் தெரிகிறது. அதற்குள் மனத்தில் அந்தப் பேச்சுக்கு வேறொரு முகம் ஒட்டிவிடுகிறது. இதற்குத் தீர்வு எளிது, ஆனால் முந்தைய நாள் மாலையில் செய்ய வேண்டியது. உரையாடல் வரும் பக்கங்களில் ஒவ்வொரு பேச்சின் இடது ஓரத்திலும் பேசுபவரின் பெயரைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, வாசிக்கும்போது ‘சிறுமி சொன்னாள்’ என்று முன்னால் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். கடைசியில் வரும் ‘என்றாள்’ என்பதை விட்டுவிடலாம். இருவர் மட்டும் மாறி மாறிப் பேசும் இடத்தில் தலையை இடமும் வலமும் சற்றுத் திருப்பினாலே போதுமானது.

இதே வகையைச் சேர்ந்தது நீண்ட வாக்கியம். மொழிபெயர்ப்பு நாவல்களில் எழுவாய் முதல் வரியிலும் வினைமுற்று ஐந்தாம் வரியிலும் இருப்பதுண்டு. எங்கே மூச்சு விடலாம் என்று முன்கூட்டியே சாய்கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் வாக்கியத்தை இரண்டாக உடைத்துச் சொல்லுங்கள். ஆசிரியரின் நடைக்கு இது துரோகம் என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். கேட்பவர் வாக்கியத்தின் வாலைப் பிடிப்பதற்குள் தலையை மறந்துவிடுவாரானால், அங்கே காப்பாற்றுவதற்கு நடை எதுவும் மிச்சமில்லை என்பது என் எண்ணம்.

பெயர்களின் குழப்பம் வேறு. ஐந்தெழுத்து அயல்நாட்டுப் பெயர்கள் பத்துப் பன்னிரண்டு வந்தால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். பெயரைத் தமிழாக்க வேண்டாம். பாதிக் கதையில் மாற்றவும் வேண்டாம். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில், வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னால் நின்று தம் பெயரையும் பெருமையையும் பாடி, கட்டியக்காரன் கேட்கும் கேள்விக்கு விடை சொன்ன பிறகுதான் திரை விலகும். இரவு முழுவதும் நடக்கும் கூத்தில், இடையில் தூங்கி எழுந்தவருக்குக்கூட ஆடுபவர் இன்னார் என்று தெரிந்துவிடுகிறது. அதையே நான் கடன் வாங்கினேன்: நான்கு நாளாகத் தலைகாட்டாத ஒரு பாத்திரம் மீண்டும் வரும்போது, நூலில் இல்லாவிட்டாலும், ‘வருவது யார்? முதல் நாள் பாலத்தின் அடியில் சாவியைத் தொலைத்தாரே, அந்தக் கொல்லர்’ என்று ஒரு வரியில் அறிமுகம் செய்துவிட்டுத் தொடர்கிறேன். இரண்டு வாரத்தில், அந்த இடம் வந்ததும் நான் வாய் திறப்பதற்கு முன்பே வகுப்பு ‘வருவது யார்?’ என்று கேட்கத் தொடங்கியது.

அறிகுறி: கதை உச்சத்தில் இருக்கிறது, ஆனால் யாருக்கும் பதற்றம் இல்லை

இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த பழுது. கதையில் நான்கு குழந்தைகள் துரத்தப்பட்டு ஓர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்கிறார்கள். படகு இல்லை. பின்னால் எதிரிகள் வருகிறார்கள். நான் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். வகுப்பு அமைதியாக, சற்றே சலிப்போடு பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, “ஏன் சார் நின்னுக்கினு இருக்காங்க? எறங்கி நடந்து போனா ஆவாதா?” என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தவறே இல்லை. அவன் நாள்தோறும் பார்க்கும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். ஆற்றைக் கடப்பது என்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது. நாவலாசிரியர் ‘ஆறு’ என்ற சொல்லிலேயே அச்சத்தை ஏற்றி வைத்திருந்தார். அந்த அச்சம் எங்கள் மணலில் இறங்கிவிட்டது. அன்றைக்கு நான் புத்தகத்தை மூடிவிட்டு, 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் இரு கரையும் புரண்டு ஓடியதை யார் பார்த்தீர்கள் என்று கேட்டேன். சிலருக்கு மங்கலாக நினைவிருந்தது. சிலர் வீட்டில் கேட்டிருந்தார்கள். அடுத்த நாள் அதே பக்கத்தை மீண்டும் வாசித்தபோது, “பாலத்து மேல போலீஸ் நின்னுக்கினு யாரையும் வுடல” என்று ஒரு சிறுமி தன் பாட்டி சொன்னதைச் சொன்னாள். அதன்பின் கதையின் ஆற்றில் யாரும் நடக்க முயலவில்லை.

ஆகவே வாசிப்பதற்கு முன் நாவலின் நிலக்காட்சிகளை ஒரு தாளில் பட்டியலிட்டு, எவை நம் குழந்தைகளுக்குத் தெரிந்தவை, எவை தெரிந்தது போலத் தோன்றி ஏமாற்றுபவை, எவை முற்றிலும் தெரியாதவை என்று பிரித்துக்கொள்வது அவசியம். முதல் வகைக்கு விளக்கமே வேண்டாம். ‘அகழி’ என்ற சொல்லுக்கு மற்ற மாவட்டங்களில் கரும்பலகையில் படம் போட வேண்டியிருக்கலாம். வேலூர்க் கோட்டையைச் சுற்றி வந்த குழந்தைக்கு அதை விளக்கினால் கொட்டாவி விடும். ஆனால் அதே கோட்டை இரண்டாம் வகைப் பழுதையும் உண்டாக்கும். பதினாறாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்தக் கோட்டை சமதளத்தில் இருப்பது. கதையிலுள்ள அரக்கனின் கோட்டையோ செங்குத்தான பாறை மேல் இருந்தது. குழந்தைகள் மனத்தில் அரக்கன், ஜலகண்டேசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் பேருந்து வந்து நிற்கும் தூரத்தில் குடியேறிவிட்டான். ஊருக்குக் கிழக்கே மலை மேல் இருக்கும் சிறு கோட்டைகளைச் சுட்டிக்காட்டி, ‘இதுவன்று, அது’ என்று சொன்ன பிறகுதான் அவன் இடம் மாறினான்.

பனியும் இந்த இரண்டாம் வகையே. நமக்குப் பனி என்பது மார்கழிக் காலையில் புல்லில் நிற்கும் நீர்த்துளி. ‘பனி கொட்டி வீட்டு வாசல் மூடிக்கொண்டது’ என்று வாசித்தால், பனித்துளி எப்படி வாசலை மூடும் என்று குழந்தை அங்கேயே நின்றுவிடுகிறது. படம் காட்டியும் பெரிதாகப் பயனில்லை. படத்தில் அது உப்பளம் போல இருக்கிறது. மீன் கடையில் பெட்டிக்குள் கொட்டி வைக்கும் நொறுக்கிய ஐஸை ஒரு தூக்குவாளியில் வாங்கிவந்து, ஒவ்வொருவரும் ஒரு பிடி அள்ளி, கை மரத்துப்போகும் வரை வைத்திருக்கச் சொன்னேன். வகுப்பறை ஒரு நாள் முழுவதும் மீன் வாடை அடித்தது. தலைமையாசிரியரிடம் விளக்கம் சொல்ல நேர்ந்தது. இருந்தாலும் அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

அறிகுறி: நேற்றைய கதை யாருக்கும் நினைவில்லை

வெள்ளிக்கிழமை விட்டுத் திங்களன்று தொடர்ந்தால் இது நேர்வது இயல்பு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திருத்தணிக்கோ வள்ளிமலைக்கோ குடும்பத்தோடு போய்விட்டு மூன்று நாள் கழித்து வரும் குழந்தைக்குக் கதை அறுந்தே போயிருக்கும். முன்கதையை ஆசிரியர் சொல்வது வீண்; கேட்டவர்களுக்குச் சலிப்பு, கேளாதவர்களுக்குப் பாடம். வராமல் இருந்தவரை எழுப்பி நிறுத்தி, வந்திருந்தவர்கள் மூன்று வாக்கியங்களில் அவருக்குக் கதையைச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாட்டினால், எது முக்கியம் என்று அவர்களுக்குள் சண்டை வரும். அந்தச் சண்டை முடியும் வரை காத்திருப்பது நல்லது.

அறிகுறி: கேள்வி கேட்டதும் முகங்கள் சுருங்குகின்றன

வாசிப்பின் நடுவே ‘இப்பகுதியிலிருந்து நீ அறியும் நீதி யாது’ என்று கேட்டால், அது கதை நேரம் அன்று, பாடம்தான் என்று குழந்தைகள் கண்டுகொள்வார்கள். பதினைந்து நிமிடமும் கேள்வி கேட்காதீர்கள். ஆய்வுக்கு வரும் அலுவலருக்குக் காட்ட ஏதேனும் வேண்டுமே என்ற கவலை நியாயமானதுதான். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கு திறன்களில் முதலாவது இங்கே முழு நேரமும் நடக்கிறது என்று பாடக்குறிப்பில் எழுதுங்கள். வாரத்துக்கு ஐந்து புதிய சொற்களைக் குழந்தைகளே தேர்ந்தெடுத்துச் சுவரில் ஒட்டட்டும். எங்கள் சுவரில் அதிக நாள் இருந்த சொல் ‘நயவஞ்சகம்’. அதை அவர்கள் மைதானத்திலும் ஒருவரையொருவர் நோக்கித் தாராளமாகப் பயன்படுத்தினார்கள்.

அறிகுறி: சிலர் மற்றவர்களைவிட ஒரு நொடி தாமதமாகச் சிரிக்கிறார்கள்

இதைக் கவனிக்கத் தவறுவது எளிது. வகுப்பு சிரிக்கிறது, ஒன்றிரண்டு குழந்தைகள் பக்கத்து முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு சிரிக்கிறார்கள். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் வீட்டில் உருது பேசும் குழந்தைகளும், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு பேசும் குழந்தைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். தெருவில் பேசும் தமிழ் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு; ‘வினவினான்’, ‘எஞ்சியது’ என்று வரும் எழுத்துத் தமிழ்தான் இடறுகிறது. உண்மையில் தமிழை வீட்டில் பேசும் குழந்தைகளுக்கும் அது ஓரளவு இடறவே செய்கிறது, அவர்கள் காட்டிக்கொள்வதில்லை.

அன்றைய பகுதியில் என்ன நடக்கப்போகிறது என்பதில் பாதியை மட்டும், பேச்சு வழக்கில், ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்தில் இருப்பவர் காதோடு காதாக உருதுவிலோ தெலுங்கிலோ சொல்லிக் கொடுத்தால் ‘பேசாதே’ என்று அதட்டாதீர்கள். அந்த முணுமுணுப்பும் வாசிப்பின் பகுதியே. உரையாடல்களைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றி வாசிக்கலாமா என்றால், மாற்றலாம். ஆனால் முதல் நாள் மாற்றினால் கடைசி நாள் வரை மாற்ற வேண்டும்.

அறிகுறி: இரவில் தூங்கவில்லை என்று வீட்டிலிருந்து வருகிறார்கள்

ஒரு நாவலில், இருட்டில் ஒரு நிழலுருவம் சிறுவனை அவன் தாயின் குரலில் பெயர் சொல்லி அழைக்கும் இடம் வந்தது. அங்கே நிறுத்தினால் அடுத்த நாள் ஆவலோடு வருவார்கள் என்று எண்ணி, வெள்ளிக்கிழமை மாலை அந்த வரியோடு புத்தகத்தை மூடினேன். திங்களன்று ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அழைத்துக்கொண்டு அவளுடைய பாட்டி வந்தார். “ரெண்டு ராத்திரியா தூங்கல சார். அவங்கம்மா கூப்ட்டாகூட பதில் பேசமாட்டேங்குது” என்றார். இரவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் முறை வரை பதில் சொல்லாதே என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. கதையும் வீட்டு வழக்கும் அந்தக் குழந்தையிடம் ஒன்றாகிவிட்டன.

பிழை என்னுடையது, அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அன்று மாலை வாசிப்பு முடியும் வரை இருக்க முடியுமா என்று கேட்டேன். அவர் வாசற்படியருகே உட்கார்ந்து, நிழலுருவம் தோற்று ஓடும் வரை கேட்டார், “இதுக்கா பயந்துக்கினே?” என்று பேத்தியின் தலையில் தட்டினார். அன்றிலிருந்து இரண்டு விதிகளை வைத்திருக்கிறேன். தாய், தந்தை, வீடு ஆகியவற்றுக்கு ஆபத்து வரும் பகுதியை அதே நாளில் தீர்வு வரும் வரை வாசித்துவிடுவேன், நேரம் போதாதென்றால் தொடங்கவே மாட்டேன். பெட்டிக்குள் என்ன, கடிதத்தை எழுதியது யார் என்பது போன்ற புதிர்களில் மட்டும் தொங்கலில் நிறுத்துவேன்.

பேய்க்கதை எதற்கு என்று பெற்றோர் கேட்டால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் அத்தியாயத்தை அவர்களுக்கே வாசித்துக் காட்டலாம்.

சிறு பழுதுகள்

குரல் கம்மினால்: சத்தத்தைக் குறைத்து, விசிறியை நிறுத்தி, குழந்தைகளை நெருங்கி உட்காரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் என்று முயன்றால் இரண்டாம் வாரம் எது யார் குரல் என்று உங்களுக்கே மறந்துவிடும். மூன்று குரல்கள் போதும்.

திரைப்படமாகப் பார்த்துவிட்டு முடிவை முன்கூட்டியே உடைப்பவர் இருந்தால்: அவரைத் தனியே அழைத்து, படத்துக்கும் புத்தகத்துக்கும் உள்ள வேறுபாடுகளை ஒரு தாளில் எழுதி வரும் பொறுப்பைக் கொடுங்கள். வாய் மூடிக்கொள்ளும்.

இடையில் வரும் பாடல்கள் சறுக்கினால்: மொழிபெயர்த்த பாட்டை வாசிக்கும்போது ஒட்டாது. பொருளை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து செல்லுங்கள். கும்மி மெட்டில் போட்டுத் தரச் சொன்னால் குழந்தைகள் போட்டுத் தருவார்கள். எங்கள் வகுப்பில் குள்ளர்களின் பாட்டு அப்படித்தான் பிழைத்தது.

நாள் போதவில்லை என்றால்: பயண வருணனை, விருந்து, வானிலை ஆகியவற்றை வெட்டலாம். தொடக்கத்தில் கைக்கு வந்த சாவி, மோதிரம், பழமொழி, வாக்குறுதி எதையும் வெட்டக் கூடாது. அவை கடைசி அத்தியாயத்தில் திரும்பி வரும். நூலை முன்பே முடித்திருந்தால்தான் எது திரும்பி வரும் என்பது தெரியும்.

மேசையில் தலை வைத்துக் கேட்பதும், கிறுக்கிக்கொண்டே கேட்பதும் பழுதுகள் அல்ல. ஐயம் இருந்தால் வாக்கியத்தின் நடுவில் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். தலை நிமிர்ந்தால் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அறிகுறி: நாவல் முடிந்த மறுவாரம் புத்தகம் அலமாரியில் இல்லை

இரு முறை நேர்ந்தது. முதல் முறை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் விசாரித்தேன். யாரும் வாய் திறக்கவில்லை, புத்தகமும் திரும்பவில்லை. இரண்டாம் முறை ஒன்றும் கேட்கவில்லை. பதினோராம் நாள் காலையில் அது பழைய இடத்தில் இருந்தது. பழைய மாதக் காலண்டரின் தாளில் அட்டை போடப்பட்டு, முதுகில் பசை ஒட்டி, நான் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்த பெயர்களில் தவறாகக் குறித்த ஒன்று அழிக்கப்பட்டுச் சரியாக எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது படி வாங்க வழியிருந்தால், கடைசி அத்தியாயத்துக்கு முன்பே வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள்.